சொல்லைக் கேட்டு வரையும் கை



தங்கள் இல்லத்துப் பிள்ளை, ஒரு கண்ணாடிப் பலகையின்மீது மின்பேனாவை நகர்த்தி, நெருப்பைக் கக்கும் சிறகு முளைத்த நாகத்தையும், கவசம் பூண்ட வீரனையும், பாழடைந்த கோட்டையையும் மணிக்கணக்கில் வரைந்துகொண்டிருப்பதைத் தாங்கள் கண்டிருக்கலாம். “இது என்ன வேலை? இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்கவும் தோன்றியிருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குரிய விடை ஒரு வரியில் அடங்கக்கூடியதன்று.

இந்த ஓவியக் கலைக்குப் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. உலகின் பல நாடுகளில் எண்ணற்ற ஓவியர்கள் இதனை நம்பிப் பிழைக்கின்றனர். அந்தப் பிழைப்போ, 2022ஆம் ஆண்டு முதல் ஒரு பெரும் சோதனையைச் சந்தித்துக்கொண்டிருக்கிறது. எனவே இக்கலை எங்கே பிறந்தது, எவ்வாறு செய்யப்படுகிறது, அதற்கு நேர்ந்துள்ள ஆபத்து யாது என்பதைச் சற்றே விரிவாகக் காண்போம்.

பேச்சினாலே நடக்கும் விளையாட்டு

மேலை நாடுகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. நான்கைந்து பேர் கூடுவர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வர். மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. பேச்சு ஒன்றே அதன் மூலதனம்.

“பழைய கோட்டையின் வாயிலில் நிற்கிறீர்கள். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளிருந்து ஈரமண்ணின் வாடை வீசுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கதை நடத்துநர் கேட்பார். ஒருவர் கதவைத் தள்ளுவதாகச் சொல்வார். மற்றொருவர் சுவரில் காதை வைத்துக் கேட்பதாகச் சொல்வார். செய்யும் செயல் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நம் வீடுகளில் தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது விளங்கும். ஆனால் அவர்களுடைய பகடைகள் விசித்திரமானவை. நான்கு முகம், ஆறு முகம், எட்டு முகம் எனத் தொடங்கி இருபது முகம் வரையில் பல வகை உண்டு. ஆட்டம் ஓர் இரவில் முடிந்துவிடுவதுமில்லை. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், ஒரே கதை தொடரும்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் என்பவரும் இதனை உருவாக்கி 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு சிறு பெட்டி. அதனுள் மூன்று சிறு நூல்கள். முதற்பதிப்பு 1,000 பிரதிகள். அவ்வளவே தொடக்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சதுரங்கத்திற்குப் பலகை உண்டு, காய்கள் உண்டு. ஆடுவோர் அனைவரும் ஒரே காட்சியைத்தான் காண்கின்றனர். இவ்விளையாட்டிலோ ஐந்து பேர் ஒரே சொல்லைக் கேட்டு, ஐந்து விதமான கதவுகளை மனத்தில் காண்கின்றனர். அந்த ஐந்து கதவுகளையும் ஒரே கதவாக்கிக் கண்முன் நிறுத்த ஒருவர் தேவைப்படுகிறார். அவரே ஓவியர். ஆகவே இக்கலையின் முதற்பாடம் வரைதல் அன்று, செவிமடுத்தல்!

எண்ணெய் வண்ணத்தின் காலம்

முதற்பெட்டியில் இருந்தவை எளிய கோட்டோவியங்கள். கைதேர்ந்த ஓவியர்களை அமர்த்தப் பணமில்லாத காலம் அது. சொல்லப்போனால் அவற்றுள் சில, அந்நாளைய சித்திரக்கதைப் புத்தகத்தைப் பார்த்து வரையப்பட்டவை. பிறர் படத்தை எடுத்தாள்வது என்னும் வழக்கு இக்கலையின் தொட்டிலிலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது பயன்படும்.

1978இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டுக்கு டேவிட் டிராம்பியர் என்பவர் வரைந்த அட்டைப்படம் இன்றளவும் பேசப்படுகிறது. ஒரு பாழ்மண்டபம், நடுவே மாபெரும் சிலை. அதன் கண்ணில் பதித்த மணியை இருவர் நெம்பி எடுக்கின்றனர். கீழே ஒருவன் வாளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மடிந்த பகைவர்களின் உடல்கள் அகற்றப்படுகின்றன. சிலர் அடுத்த பயணத்தைப் பற்றி ஆலோசிக்கின்றனர். சண்டை முடிந்துவிட்டது! வீரதீரம் காட்டும் கணத்தை விடுத்து, அதற்குப் பிந்திய கணத்தை அவர் வரைந்தார். ஏனெனில் அவ்விளையாட்டை ஆடுவோர் மேசையில் அதிக நேரம் செலவிடுவது வாள்வீச்சில் அன்று, “இனி என்ன செய்வது?” என்னும் பேச்சில்தான். அதனை உணர்ந்தவரின் கை அப்படத்தில் தெரிகிறது.

1983இல் வந்த சிவப்புப் பெட்டிக்கு லாரி எல்மோர் வரைந்த செந்நிற டிராகனும் அதனை எதிர்த்து நிற்கும் ஒற்றை வீரனும் ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்தனர். 1990களில் டோனி டிடெர்லிசி என்பவர் முற்றிலும் வேறான, கனவுபோன்ற மெல்லிய உருவங்களைப் படைத்தார். எல்மோரும் அவர் காலத்து அட்டைப்பட ஓவியர்களும் எண்ணெய் வண்ணத்திலே பேர்பெற்றவர்கள். அவர்களுடைய ஓவியம் உலர நாட்கள் பல ஆகும். பிழை நேர்ந்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

இதற்கிடையே 1980களில் அமெரிக்கப் பெற்றோர்கள் பலர் இவ்விளையாட்டைக் கண்டு அஞ்சியதும் உண்டு. பிள்ளைகள் இதனால் கெட்டுப்போவார்கள் என்ற குரல் வலுத்தது. 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் பேய்களின் பெயர்களைக் கூட மாற்றியே அச்சிட்டனர். காலப்போக்கில் அந்த அச்சம் தணிந்தது. எனினும் பிள்ளைகள் எதனை ஆடுகின்றனர், எதனை வரைகின்றனர் என்று பெற்றோர் அறிந்துவைத்திருப்பது எக்காலத்திலும் நன்றே.

கணிப்பொறி கொணர்ந்த மாற்றம்

1990இல் ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் வெளிவந்தது. 1994இல் அதன் மூன்றாம் பதிப்பு ‘அடுக்கு’ என்னும் வசதியைத் தந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஊடுருவித் தெரியும் தாள்களை அடுக்கிவைத்தாற்போல, வானத்தை ஒரு தாளிலும், கோட்டையை மற்றொரு தாளிலும், வீரனை வேறொரு தாளிலும் தனித்தனியே வரையலாம். வீரன் பிடிக்கவில்லையெனில் அவனை மட்டும் நீக்கலாம், வானம் கெடாது. ஜப்பானிய நிறுவனமான வாக்கோம் செய்த வரைபலகையும் பேனாவும், கையின் அழுத்தத்தைக் கூட உணரத்தக்கவை. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும்.

இன்று ‘கிரிட்டா’ என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபேடில் வரைவோர் பலர், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் உருவாகி 2011இல் வெளிவந்த ‘புரோகிரியேட்’ என்பதைப் பயன்படுத்துகின்றனர். எண்ணெயும் துணியும் வாங்க வசதியற்ற ஏழை இளைஞனும் இக்கலையில் இறங்க வழி பிறந்தது இவ்வாறுதான்.

ஆனால், வாசகர்களே! கருவி மாறியதே தவிர கலை மாறவில்லை. ஒரு படம் உருவாகும் விதத்தைப் பாருங்கள்.

ஒரு படம் பிறக்கும் கதை

ஓர் ஆட்டத்தில் ஒருவர் முதிய மருத்துவச்சியின் பாத்திரத்தை ஏற்று ஓராண்டாக ஆடிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய படத்தை வரைந்து தருமாறு ஓர் ஓவியரை அணுகுகிறார். “வயது அறுபது, பச்சை அங்கி, கையில் மூலிகைப் பை” என்கிறார். நல்ல ஓவியர் உடனே பேனாவை எடுப்பதில்லை, வினவத் தொடங்குகிறார். “அவள் எந்தக் கையால் பையைப் பிடிக்கிறாள்? சிரிப்பவளா, சிடுசிடுப்பவளா? கதையில் அவள் இழந்தது எதை?” என்று கேட்கிறார்.

அப்போதுதான் அவர் நினைவுகூர்கிறார்: மூன்றாம் மாதத்தில் ஒரு தீவிபத்து, ஒரு குழந்தையை மீட்கப் புகுந்தவளின் இடக்கை வெந்துபோயிற்று. அன்றுமுதல் வலக்கையாலேயே எல்லாம் செய்கிறாள். இந்தச் செய்தி அவர் முதலில் தந்த குறிப்பில் இல்லை. ஆனால் படத்தின் உயிர் இதுவே!

பின்னர் ஓவியர் தபால்தலை அளவில் நாலைந்து சிறு படங்களைக் கிறுக்குகிறார். நிற்கும் நிலை, ஒளி விழும் திசை, வெற்றிடத்தின் அளவு ஆகியவை அங்கேயே முடிவாகின்றன. அடுத்து, வண்ணமின்றிக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய மூன்றைக் கொண்டு ஒளியும் நிழலும் அமைக்கிறார். கறுப்பு வெள்ளையில் விளங்காத படம் வண்ணத்தில் விளங்காது என்பது இத்தொழிலில் பாலபாடம். அதன்பின் வண்ணம். கடைசியில் நுணுக்கம். அதனையும் எங்கும் வாரி இறைப்பதில்லை. முகத்துக்கும் வெந்த கைக்கும் உழைப்பைச் செலவிட்டு, அங்கியின் ஓரங்களைப் பட்டும் படாமலும் விட்டுவிடுகிறார். பார்ப்பவரின் கண், ஓவியர் விரும்பிய இடத்திற்குத் தானே செல்லும்.

அச்சுக்குத் தரும் படமெனில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 தாள் அளவுக்கு 2,480க்கு 3,508 புள்ளிகள் என்பது கணக்கு. இதே ஓவியர்கள் களவரைபடங்களும் வரைவர். அவற்றில் ஓர் அங்குலக் கட்டம், கதையில் ஐந்து அடியைக் குறிக்கும். கணிப்பொறித் திரையில் ஆடுவோருக்காகப் பாத்திரங்களின் முகங்களை வட்டவடிவச் சிறு காய்களாகவும் செய்து தருவர். தூண் எங்கே நிற்கிறது, கதவு எப்பக்கம் திறக்கிறது என்பது களவரைபடத்தில் முக்கியம். அழகு மிகுந்து வழி மறைந்தால் ஆடுவோர்க்குப் பயனில்லை.

விசிறிகளே ஓவியர்களான விந்தை

2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவில் பின்னணிக் குரல் கலைஞர்கள் சிலர், தாங்கள் நண்பர்களாக ஆடிவந்த இவ்விளையாட்டை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கினர். ‘கிரிட்டிகல் ரோல்’ என்பது அதன் பெயர். காட்டியதெல்லாம் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் சிலரை மட்டுமே. ஆனால் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கேட்டதை வரைந்தனர், அனுப்பினர். அவ்வோவியங்கள் நிகழ்ச்சியின் இடைவேளைகளில் காட்டப்பட்டன. 2017இல் வெளியிட்ட ஓவிய நூலிலும் விசிறிகளின் படைப்புகள் இடம்பெற்றன.

2019இல் அக்குழுவினர் தங்கள் கதையைச் சித்திரப்படமாக்கப் பொதுமக்களிடம் நிதி கோரினர். கேட்டது 7,50,000 டாலர். கிடைத்ததோ 1 கோடியே 13 லட்சம் டாலருக்கும் மேல்! 2022இல் அத்தொடர் வெளிவந்தது. வெறும் பேச்சைக் கேட்டு ஆயிரமாயிரம் கைகள் வரைந்ததனால், உருவமற்ற பாத்திரங்களுக்கு மக்கள் மனத்தில் ஏற்கெனவே முகங்கள் அமைந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

நம்மை வரைவது யார்?

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1992இல் இதே விளையாட்டின் கிளையாக ‘அல்-கதீம்’ என்னும் நூல்வரிசை வெளிவந்தது. அரபு உலகைத் தழுவிய கற்பனை நாடு அதன் களம். ஆயிரத்தோர் இரவுக் கதைகளும், அவற்றைத் தழுவி ஹாலிவுட் எடுத்த படங்களும் அதற்கு ஊற்றாயின. சுல்தான்கள், பூதங்கள், பறக்கும் கம்பளங்கள்! அன்போடும் ஆர்வத்தோடும் செய்யப்பட்ட நூல்களே அவை. ஆயினும் தூரத்திலிருந்து கேட்டவர் வரைந்த சித்திரம் என்பதும் உண்மை.

அரபு நாடென்றாலே ஒட்டகமும் மணற்குன்றும்தானா? யமன் நாட்டின் ஸன்ஆ நகரில், சுட்ட செங்கல்லால் எழும்பி, வெண்சுண்ணத்தால் பூவேலை செய்யப்பட்ட அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய கப்பல்களில் ஓமான் மாலுமிகள் கடல் கடந்தனர். நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கருங்கல் தூண்களோடு திராவிடப் பாணியில் எழுந்த பள்ளிவாசல்கள் நிற்கின்றன. இவையெல்லாம் எத்தனை கற்பனைக் கோட்டைகளுக்கு மூலமாகலாம்! பார்த்தவர் வரைந்தாலன்றி இவை படத்தில் ஏறுவது எங்ஙனம்?

2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டடல்’ என்னும் நூலில் 13 கதைகள் உள்ளன. அவற்றை எழுதியவர்கள் தத்தம் முன்னோரின் பண்பாட்டிலிருந்து களத்தை எடுத்துக்கொண்டனர். பாரசீகத்தைத் தழுவிய நகரும் உண்டு. வங்கத்தைத் தழுவிய ஆற்றுநாடும் உண்டு. முப்பதாண்டுகளில் ஏற்பட்ட நல்ல மாற்றம் இது.

இயந்திரம் வரையத் தொடங்கியபோது

மாற்றம் மலர்ந்த அதே 2022இல்தான் சோதனையும் வந்தது. சில சொற்களைத் தட்டினால் சில நொடிகளில் படம் தரும் செயற்கை அறிவு இயந்திரங்கள் அவ்வாண்டில் பொதுமக்கள் கைக்கு எட்டின. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அவை பயிற்றுவிக்கப்பட்டிருந்தன. படங்களை வரைந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

போலந்து நாட்டைச் சேர்ந்த கிரெக் ருட்கோவ்ஸ்கி, இவ்விளையாட்டு நூல்களுக்கு டிராகன்களையும் போர்க்களங்களையும் வரைந்து பேர்பெற்ற மின்னோவியர். “ருட்கோவ்ஸ்கியின் பாணியில் வரைக” என்று இயந்திரத்திடம் கேட்டவர்கள் எத்தனை பேர்! ஏறத்தாழ 93,000 முறை அவர் பெயர் அவ்வாறு பயன்பட்டதாக 2022 செப்டம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் எழுதியது. அவர் பெயரை இணையத்தில் தேடினால், அவர் வரையாத படங்கள் வந்து நின்றன. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற கைத்திறன், சொந்தக்காரருக்கே போட்டியாக நின்ற கொடுமையை என்னென்பது!

அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், மேசை விளையாட்டு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தவர் இயந்திரத்தைக் கொண்டு உருவாக்கிய படம் மின்கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. தாம் 600க்கும் மேற்பட்ட முறை சொற்களை மாற்றி மாற்றி இட்டு உழைத்ததாக அவர் வாதிட்டார். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், இயந்திரம் உருவாக்கிய பகுதிக்கு மனிதர் ஒருவரை ஆசிரியராகக் கொள்ள இயலாது என்று கூறி, 2023 செப்டம்பரில் பதிவை மறுத்துவிட்டது.

2023 ஆகஸ்டில் இன்னொரு நிகழ்ச்சி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரிசையில் பூதாகாரமானவர்களைப் பற்றிய நூல் ஒன்று வெளிவர இருந்தது. அதன் படங்கள் சிலவற்றில் ஏதோ கோணலாக இருப்பதை வாசகர்களே கண்டுபிடித்தனர். ஓவியர் ஒருவர் தம் படங்களை மெருகேற்றச் செயற்கை அறிவைப் பயன்படுத்தியது தெரியவந்தது. இனி ஓவியர்கள் அவ்வாறு செய்யலாகாது என விதியைத் திருத்துவதாக வெளியீட்டாளர் அறிவித்தார். போட்டி நிறுவனமான பைஸோ, அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே தம் நூல்களில் மனிதர் படைத்தவையே இடம்பெறும் என்று அறிவித்திருந்தது. 2024 ஆகஸ்டில் புரோகிரியேட் நிறுவனமும், தம் மென்பொருளில் படம் ஆக்கும் செயற்கை அறிவைச் சேர்க்கப்போவதில்லை என்று கூறிற்று.

“முதற்பெட்டியிலேயே பிறர் படத்தைப் பார்த்து வரைந்தார்களே, இதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?” என்று கேட்பவர் உளர். பார்த்து வரைந்ததும் சரியன்றுதான். ஆனால் பார்த்து வரையும் மாணவன் காலப்போக்கில் தன் கண்ணையும் கையையும் பெறுகிறான். பிறகு தானே ஆசிரியனாகிறான். இயந்திரத்திடம் சொல்லிப் பெறுபவனுக்குப் படம் கிடைக்கிறது; கை கிடைப்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவே வேண்டும். பணம் கொடுத்து ஓவியரை அமர்த்த இயலாத ஒருவர், தம் வீட்டு மேசையில் நண்பர்களுக்குக் காட்ட இயந்திரப் படத்தைப் பயன்படுத்துவதை யாரும் பெருங்குற்றமாகக் கருதுவதில்லை. அதனையே தாம் வரைந்ததென்று விற்பதும், போட்டிக்கு மறைத்து அனுப்புவதும் வேறு. வழக்கு இங்கேதான்.

அந்த மருத்துவச்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். இயந்திரத்திடம் “அறுபது வயது, பச்சை அங்கி, மூலிகைப் பை” என்றால் அழகிய மூதாட்டி ஒருத்தியை அது தரும். இடக்கையில் தழும்பு என்று சொன்னால் அதையும் இடும். ஆனால் அவள் எதை இழந்தாள் என்று வினவி, ஆடியவரே மறந்திருந்த தீவிபத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்தது யார்? ஒரு மனிதர். ஒருவர் கற்பனைக்கு மற்றொருவர் தரும் அந்தச் செவியே இக்கலையின் விலை.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

இத்துறையில் ஆர்வமுள்ள இளைஞர்களே! விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திராதீர்கள். தாளும் பென்சிலும் கொண்டு கைகளையும், ஆடையின் மடிப்புகளையும், விளக்கொளியில் முகத்தையும் வரைந்து பழகுங்கள். பின்னர் இலவச மென்பொருளில் தொடங்குங்கள். தங்கள் ஊரின் வீடுகளையும் படகுகளையும் பாத்திரங்களையும் வரைந்து சேர்த்துவையுங்கள். பிறர் படத்தைப் பார்த்துப் பழகினால் அதனைப் பயிற்சியென்றே சொல்லுங்கள்.

ஒருவருக்காக வரைந்து தரும்போது, தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், படத்தை அவர் வீட்டில் மட்டும் வைத்துக்கொள்வாரா அல்லது நூலில் அச்சிட்டு விற்பாரா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விற்பனைக்குரிய உரிமைக்குத் தனி விலை கேட்பது முறையே. படத்தின் அடுக்குகளையும் முதற்கிறுக்கல்களையும் அழித்துவிடாதீர்கள். தங்கள் கையே வரைந்தது என்பதற்கு அவையே சாட்சி.

பெற்றோர்களே! பிள்ளை வரைந்ததைக் காட்டும்போது, “நாகம் நன்றாயிருக்கிறது” என்று சொல்லி அகன்றுவிடாதீர்கள். “இந்த வீரன் யார்? ஏன் தனியே நிற்கிறான்?” என்று கேளுங்கள். அவன் ஒரு கதையைச் சொல்லுவான். கண்ணுக்கு ஓய்வு, படிப்புக்கு நேரம், உறக்கத்திற்கு வரையறை ஆகியவற்றை வகுத்துத் தாருங்கள். எத்தகைய கதைகளில் அவன் உலவுகிறான் என்றும் அறிந்துகொள்ளுங்கள். இவற்றோடு, அவன் சொல்வதைச் செவிமடுங்கள். பிறர் சொல்வதைச் செவிமடுக்க அவன் பழகுவதும் அவ்வாறுதான். அது பழகிவிட்டால், நாளை எந்தக் கருவி வந்தாலும் அவனுக்கு வேலை இருக்கும்.